அம்பலத்துப் பூ

நேற்று நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஒரு படம் போட்டிருந்தார். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஊர் ஊராகச் சுற்றுகிறாரே, அவர்தான். கண்ணாடிக் குவளையில் நீலநிறத்தில் டீ. எலுமிச்சை பிழிந்தால் அது ஊதாவாக மாறுமாம். அதற்கு ஒரு வீடியோ வேறு. நீங்கள் எல்லோரும் வரிசையாகக் கைதட்டினீர்கள், நான் மட்டும் ஒன்றும் போடவில்லை. உடம்புக்கு ஏதாவதா என்று இரண்டு பேர் தனியாகக் கேட்டிருந்தீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. சர்க்கரை உங்களுக்கு இருக்கிற அளவுக்கு எனக்கும் இருக்கிறது, அவ்வளவுதான். அந்தப் பூவைப் பார்த்ததும் கைதட்ட எனக்கு மனசு வரவில்லை.

அது சங்குபுஷ்பம். நாம் நாலாம் வகுப்புப் படித்த வருஷம் எங்கள் வீட்டு வேலி முழுக்க அதுதான் படர்ந்து கிடந்தது. குன்னத்துகால் பக்கமிருந்து பள்ளிக்கு வந்தவர்கள் தினமும் அதைத் தாண்டித்தான் வந்திருப்பீர்கள். காய்ந்த நெற்றைப் பறித்து வாள் சண்டை போட்டவர்களும் உங்களில் உண்டு. அது அம்பலத்துப் பூ, கோவிலுக்குப் போகிற பூ, இயேசுவைக் கும்பிடுகிற வேதக்காரர் வீட்டில் அதற்கு என்ன வேலை என்று முதலில் கிளப்பியது உங்களில் ஒருத்தியின் அம்மா என்பது என் சந்தேகம். பெயர் சொல்லமாட்டேன். நானும் இத்தனை வருஷமாகச் சந்தேகப்பட்டே பழகிவிட்டேன். நம் வயதில் இனி எதை விட முடியும்?

அந்தச் செடியை வளர்த்தவள் என் சித்தி, அம்மாவின் தங்கை. மழைக்கு முந்திய மாதத்தில் ஒரு தகரப் பெட்டியோடு கோட்டுகாலில் இருந்த புருஷன் வீட்டைவிட்டு வந்தாள். ஏன் வந்தாள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லவில்லை. பெரியவர்கள் எங்களைக் கண்டதும் பேச்சை நிறுத்துவார்கள். ஒருநாள் கிணற்றடியில் குளித்துவிட்டு வரும்போது அவள் முதுகைப் பார்த்தேன். அதன்பிறகு நானும் கேட்கவில்லை.

பெட்டியில் இரண்டு சேலையும் ஒரு வேதப்புத்தகமும் ஒரு பவுடர் டப்பாவும் இருந்தன. டப்பாவைக் குலுக்கினால் சத்தம் வரும். அம்மா அதை எடுத்துக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தாள். பிறகு மூடியைத் திறந்து மோந்து பார்த்தாள். உள்ளே கரும்பழுப்பில் சின்னச் சின்ன விதைகள். விஷக்காயோ என்று அம்மாவுக்குப் பயம். புருஷனோடு பிணங்கி வந்தவள் கையில் பெயர் தெரியாத விதை இருந்தால் யாருக்குத்தான் பயம் வராது? சித்தி ஒரு விதையை எடுத்துத் தன் நாக்கில் வைத்துக் காட்டினாள்.

“பூச்செடியாக்கும் அக்கா. வேற ஒண்ணும் இல்ல.”

எங்கள் வீட்டுக் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். அம்மா எதையும் நம்பமாட்டாள். சர்க்கரை டின்னின் உள்பக்கம் கரியால் கோடு போட்டு வைப்பாள். கோழி முட்டைகளை எண்ணுவாள். சித்தி வந்த மறுநாள் முதல் அரிசிப்பெட்டியின் மூடிமேல் அம்மிக் குழவியைத் தூக்கி வைத்தாள். யாராவது பெட்டியைத் திறக்க வேண்டுமென்றால் குழவியை இறக்க வேண்டும், இறக்கினால் சத்தம் வீடு முழுக்கக் கேட்கும். சித்தி அதைப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவிடமிருந்து எனக்கு வந்த சொத்து அது ஒன்றுதான், யார் முகத்தையும் விடாமல் பார்ப்பது.

முதல் மழை விழுந்ததும் சித்தி விதை போட்டாள். அந்த விதையின் தோல் கல்மாதிரி இருக்கும், அப்படியே போட்டால் வருஷக்கணக்கில் மண்ணில் கிடக்கும். கிணற்றுக்கல்லில் ஒவ்வொன்றையும் ஒரு பக்கமாக உரசி, உள்வெள்ளை தெரிந்ததும் நிறுத்த வேண்டும். என்னையும் உரச விட்டாள். பிறகு சிரட்டையில் தண்ணீர் ஊற்றி ஊறப் போட்டோம். விடிந்து பார்த்தால் விதைகள் வீங்கி மினுங்கின. நாற்றுப் பாவிப் பிடுங்கி நடலாமே என்றார் அப்பா. சித்தி வேண்டாம் என்றாள். ஆணிவேர் நேரே கீழே இறங்கும், ஒருமுறை அசைத்தால் பிறகு சிணுங்கும். எங்கே நிற்க வேண்டுமோ அங்கேயே விதைக்க வேண்டும். சீமைக்கொன்னைக் கம்பு நட்ட வேலியின் ஓரமாக ஒரு சாணுக்கு ஒன்று என்று குழி போட்டோம்.

நான் நல்லது செய்கிறேன் என்று ஒருநாள் தொழுவத்திலிருந்து சாணி அள்ளிக்கொண்டு போனேன். சித்தி என் கையைப் பிடித்துத் தடுத்தாள். உரம் போட்டால் இலை கொழுக்கும், பூ வராது. இந்தச் செடி தனக்கு வேண்டியதைத் தன் வேரிலேயே உண்டாக்கிக்கொள்ளும் என்றாள். களைபறிக்கும்போது தப்பி வந்த ஒரு நாற்றின் வேரைக் காட்டினாள். கடுகுபோல முடிச்சு முடிச்சாக இருந்தது. கொடி முழங்கால் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளினாள், பக்கத்தில் நாலு கிளை விட்டது. ஆவணியில் பூத்தது. மழையில் நனைந்த காலையில் அந்த நீலத்தைப் பார்த்தால் கண் அதைவிட்டு வராது. நடுவில் ஒரு வெள்ளை, ஓரத்தில் இலேசான மஞ்சள்.

“தெனமும் பறிக்கணும் மக்கா,” என்றாள் சித்தி. “விட்டா காயாவும். காய் வந்தா பின்ன பூக்காது.”

இதைக் கவனியுங்கள். தினமும் விடியும்போது அவள் வேலியருகே நின்று பூப்பறித்ததற்கு முதல் காரணம் இதுதான்.

வேலிக்கு அந்தப் பக்கம் அம்பலத்துக்கு மாலை கட்டுகிற சேச்சியின் வீடு. ஊரில் எல்லோருக்கும் அவள் சேச்சிதான். புருஷன் இல்லை. ஒரு பசு, திருப்புறத்தில் கட்டிக்கொடுத்த ஒரு மகள், கூடை நிறையத் தெச்சியும் துளசியும். எங்கள் இரண்டு வீட்டுக்கும் சண்டையில்லை, போக்குவரத்தும் இல்லை. கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கேக் கொடுப்போம், ஓணத்துக்கு அவள் பழம் கொடுப்பாள், அவ்வளவுதான்.

புரட்டாசியில் எங்கள் சபையின் ஆலயத்துக்குப் பூ வைக்கிற முறை எங்கள் வீட்டுக்கு வந்தது. உங்களுக்கே தெரியும், நம் ஊரில் பூவுக்கும் சபை உண்டு. வேதக்காரர் முற்றத்தில் குரோட்டன்சும் ரோஜாவும் காகிதப்பூவும் நிற்கும். தெச்சி, துளசி, செம்பருத்தி எல்லாம் அம்பலத்துப் பூ. எழுதிவைத்த சட்டம் ஒன்றுமில்லை, ஆனால் யாரும் மீறமாட்டார்கள். சித்தி அது தெரியாதவள் இல்லை. அழகாக இருக்குமே என்று குரோட்டன்ஸ் இலைக்கு நடுவே நாலு நீலப்பூவைச் செருகிவிட்டாள். ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பெண்கள் கூட்டத்தில் அந்தப் பேச்சு ஆரம்பித்துவிட்டது. புருஷனை விட்டுவந்தவள், அம்பலத்துப் பூ வளர்க்கிறாள், மாலை கட்டுகிறவளோடு வேலியில் நின்று பேசுகிறாள். மூன்றையும் சேர்த்து முடிச்சுப் போட எவ்வளவு நேரமாகும்?

அந்தச் சமயம் சித்திக்கு ஒரு வழி திறக்கப் பார்த்தது. நெய்யாற்றின்கரையில் பெண்பிள்ளைகளுக்கான போர்டிங் ஒன்றில் வார்டன் வேலை காலியாக இருந்தது. தங்க ஓர் அறை, மூன்று வேளைச் சாப்பாடு. போதகர் ஒரு நற்சான்றுக் கடிதம் கொடுத்தால் கிறிஸ்துமஸ் கழிந்து சேர்ந்துவிடலாம். அந்தக் கடிதம் இல்லையென்றால் கோட்டுகாலுக்குத்தான் திரும்ப வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அப்பா கெட்டவர் இல்லை. பள்ளி வாத்தியார், சபையில் டீக்கன், மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன். எத்தனை நாள் வைத்திருக்க முடியும் என்று அவர் கேட்டதில் பொய்யில்லை. சித்தி அந்த அறையைப்பற்றி என்னிடம் மட்டும் பேசுவாள். உள்ளே தாழ்ப்பாள் இருக்குமாம். அதை அவள் இரண்டு முறை சொன்னாள்.

ஆலயத்தில் பேச்சு வந்த மறுநாள் அம்மா என்னைக் கூப்பிட்டு, விடிந்ததும் எழுந்து சித்தி வேலியில் என்ன செய்கிறாள் என்று பார்க்கச் சொன்னாள். எனக்கு மூக்கு வியர்த்தது. அதைவிட முக்கியமான வேலை அதுவரை யாரும் எனக்குத் தந்ததில்லை. தொழுவத்துச் சுவருக்குப் பின்னால் குந்தியிருந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். சித்தி பறித்த பூவையெல்லாம் முந்தானையில் சேர்த்து வேலிக்கு மேலே நீட்டினாள். அந்தப் பக்கத்திலிருந்து சேச்சியின் கை அதை வாங்கிக்கொண்டு, வாழையிலையில் மடித்த ஒரு பொதியை நீட்டியது. சித்தி அதை வாங்கித் தொழுவத்தின் மறைவுக்குப் போனாள். திரும்பி வரும்போது கையில் ஒன்றுமில்லை, வாயைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்று நாள் பார்த்தேன். மூன்று நாளும் இதுவேதான். கண்டதை அப்படியே அம்மாவிடம் சொன்னேன், அம்மா அப்பாவிடம் சொன்னாள். அப்பா டீக்கன் அல்லவா, அவரால் காதும் காதும் வைத்தமாதிரி விட்டுவிட முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போதகர் வீட்டு முன்னறைக்கு என்னைக் கூட்டிப்போனார்கள். போதகர், சபை மூப்பர் இரண்டு பேர், அப்பா. சுவரோரம் சித்தி நின்றாள். அம்மா வாசற்படியில் நின்றாள். போதகர் நல்ல மனிதர். எனக்கு முதலில் ஒரு மிட்டாய் தந்தார், அதன்பிறகுதான் கேட்டார். பூ கொடுத்ததைச் சொன்னேன். இலை வாங்கியதைச் சொன்னேன்.

“இலைக்குள்ள என்ன இருந்தது மக்கா?”

நான் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எல்லோரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய சாட்சி கடைசிக் கேள்வியில் தோற்றுப்போவதா? அம்பலத்திலிருந்து வருகிறவர்கள் கையில் அப்படி மடித்த இலையைப் பார்த்திருக்கிறேன்.

“பிரசாதமாக்கும்,” என்றேன்.

விக்கிரகத்துக்குப் படைத்தது என்று ஒரு மூப்பர் மெதுவாக முனகினார். போதகர் சித்தியைப் பார்த்து உண்மையா என்று கேட்டார். சித்தி என்னைப் பார்க்கவில்லை. வாசற்படியில் நின்ற அம்மாவைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“இலை வாங்கினது உள்ளதுதான்,” என்றாள்.

“அதுல என்ன இருந்தது?”

“இனி வாங்க மாட்டேன் ஐயா.”

அதற்குமேல் ஒரு சொல் இல்லை. போதகர் இன்னும் இரண்டு தரம் கேட்டார், கெஞ்சுவதுபோலவே கேட்டார். சேச்சியை அழைத்துக் கேட்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் அந்த வாரம் அவள் மகளின் பேறுகாலத்துக்குத் திருப்புறம் போயிருந்தாள். கடிதம் எழுதப்படவில்லை.

மறுநாள் அப்பா கொடியைப் பிடுங்கினார். தன் வீட்டில் சுத்தம் உண்டென்று ஊருக்குக் காட்ட வேண்டுமே. மழை ஊறிய மண்ணிலும் ஆணிவேர் முழுதாக வரவில்லை, பாதியில் முறிந்தது. வேலியெல்லாம் இழுபட்டு, முற்றிய நெற்றுகள் முறுக்கிக்கொண்டு வெடித்து விதை தெறித்தது. சித்தி குனிந்து அதைப் பொறுக்கிப் பவுடர் டப்பாவில் போட்டாள். பாதியை எனக்குத் தந்தாள். நான் அழுதேன் என்று நினைக்கிறீர்களா? இல்லை. எனக்கு அவள்மேல் கோபம். பிரசாதம் தின்றவள், அதையும் ஒளித்துத் தின்றவள்.

“வேரு உள்ள கெடக்கு மக்கா,” என்றாள். “அடுத்த மழைக்கு வரும். நீ பறிச்சுக்கிட்டே இரு.”

புதன்கிழமை அப்பா அவளைக் கோட்டுகால் பஸ்ஸில் கூட்டிப்போனார். தகரப் பெட்டியை அவளே தூக்கிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை காலை தின்ற கையைக் கழுவிக்கொண்டு நின்றேன். வேலிக்கு அப்பாலிருந்து சேச்சி கூப்பிட்டாள். முந்தின நாள் இருட்டுகிற நேரத்தில்தான் வந்திருந்தாள், ஒன்றும் தெரியாது. கையில் வாழையிலைப் பொதி.

“சித்தி எங்க மோளே? கொடி போனா போகட்டும், இத அவகிட்ட கொடு. வெடியுமுன்ன இருந்து ஒண்ணும் தின்னாம நிக்கும் அது. கேட்டா பசி இல்லன்னு பறையும். சும்மா தந்தா வாங்காது, அதனால மாலைக்குப் பூ தான்னு நானாக்கும் சொன்னது. அந்தப் பூ மாலையில நிக்குமா? நூல்ல கோத்த உடனே வாடும். அம்பலத்துக்கு ஒண்ணுகூட போகல, எல்லாம் எனக்க பசுவுக்காக்கும்.”

பொதி சூடாக இருந்தது. சித்தி போய்விட்டாள் என்று நான் சொல்லவில்லை. தலையாட்டி வாங்கிக்கொண்டு தொழுவத்துக்குப் பின்னால் போய்ப் பிரித்தேன். அவித்த மரவள்ளி, நம் ஊர் மரச்சீனிக்கிழங்கு, இரண்டு துண்டு. பக்கத்தில் உள்ளியும் காந்தாரி மிளகாயும் சதைத்துத் தேங்காயெண்ணெய் விட்டது. நான் அன்று காலை இட்லி தின்றிருந்தேன், பசியில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு துண்டையும் அங்கேயே நின்று தின்றேன். காந்தாரி எரிந்தது. இலையைச் சுருட்டி எருக்குழியில் போட்டுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனேன். அம்மாவிடம் சொல்லவில்லை. அப்பாவிடமும் போதகரிடமும் சொல்லவில்லை. இன்றுதான் உங்களிடம் சொல்கிறேன்.

இதில் எனக்கு ஒரு வசதி இருந்தது. தப்பை அம்மாவின் தலையில் போட்டுவிடலாம். அப்படித்தான் போட்டேன். தங்கையைப் பட்டினி போட்டவள், அரிசிப்பெட்டிமேல் குழவி வைத்தவள். அந்த நாட்களின் அந்திச் சாப்பாடு எனக்கு நன்றாக நினைவிருந்தது. அப்பாவும் நாங்களும் தின்று எழுந்தபின் அம்மாவும் சித்தியும் அடுக்களையில் இருப்பார்கள். பானையைக் கரண்டியால் சுரண்டுகிற சத்தம் வெகுநேரம் கேட்கும். அடியில் இருக்கிற ருசியானதை அம்மா தனக்கென்று வைத்துக்கொள்கிறாள் என்று அப்போதே எனக்குச் சந்தேகம். பிறகு வளர்ந்து, கல்யாணமாகி, அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும் அந்தச் சந்தேகத்தோடேதான் அவளுக்குக் கஞ்சி கொடுத்தேன். குறை வைக்கவில்லை. ஆனால் ஒருநாள்கூட அவளோடு மனசு விட்டுப் பேசியதில்லை. அப்படியே அவள் போய்ச்சேர்ந்தாள்.

அம்மாவின் அடக்கத்துக்குச் சித்தி வந்தாள். கோட்டுகாலில் புருஷனும் போய், மகன் வீட்டில் இருந்தாள். எல்லோரும் போனபின் என்னோடு இரண்டு நாள் தங்கினாள். சாப்பிட்டீர்களா சித்தி என்று கேட்டேன். தின்னாச்சு என்றாள். நான் கேளாமல் இலை போட்டேன். மூன்று தரம் சோறு வைத்தேன், மூன்று தரமும் தின்றாள். அப்போதுதான் கேட்டேன், அன்றைக்குப் போதகர் முன்னால் மரச்சீனி என்று ஒரு வார்த்தை ஏன் சொல்லவில்லை என்று. அம்மாவின் மானத்தைக் காப்பாற்றவா என்றும் கேட்டேன். என் குரலில் இருந்த குத்து அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள்.

“உனக்க அம்மையும் பட்டினியாக்கும் மக்கா. உங்களுக்கு வெளம்பினா பானை காலி. உங்க அப்பா அறிஞ்சா என்னத் திருப்பி அனுப்புவாருன்னு நாங்க ரெண்டு பேரும் வெறும் பானைய சொரண்டுவோம். தின்னுத மாதிரி சத்தம் கேக்கணுமே.”

அவளே தொடர்ந்தாள்.

“அவ பட்டினி கெடக்கும்போ நான் ஒளிச்சு நின்னு ரெண்டு துண்டும் தின்னேன். ஒரு துண்டு அவளுக்குக் கொண்டு கொடுத்தா, எங்க இருந்துன்னு கேப்பா. கேப்பான்னு பயந்து நானே தின்னேன். வாசல்ல அவ நிக்கும்போ எப்படிச் சொல்லுவேன், நான் மட்டும் தின்னேன்னு? அதுக்குப் பிரசாதமே இருக்கட்டும்னு விட்டேன்.”

நான் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டேன். அங்கே நின்று அம்மாவுக்காக அழுதேன். அடக்கத்தன்று வராத அழுகை.

அடுத்த நாள் காலை சித்தி என் வேலியருகே நின்று பூப்பறித்துக்கொண்டிருந்தாள். ஆமாம், அந்தச் செடிதான். அப்பா பிடுங்கியதில் மிச்சமிருந்த வேர் அவள் சொன்னபடியே மழைக்கு வந்தது. அந்த வீட்டைக் கொடுத்துவிட்டு வரும்போது வேரைத் தொடாமல் நெற்றை மட்டும் கொண்டுவந்தேன். வேனலில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவேன், உரம் போடுவதில்லை, தினமும் பறிக்கிறேன்.

ஆகவே, டீப் படம் போட்டவரே, பணம் கொடுத்து அதைக் குடிக்க அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. எலுமிச்சையும் வீட்டில் உண்டு. நீங்கள் எல்லோரும் ஒருநாள் வாருங்கள். ஆனால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தோம் என்று சொல்வீர்களே, அதை மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள். நான் நம்பமாட்டேன்.